பொருள் எண் 11

முதல் பத்துப் பொருளும்
டீ வருவதற்குள் முடிந்துவிட்டன.
பிளீச்சிங் பவுடர் முப்பது மூட்டை,
தண்ணீர் டேங்க் மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு,
தெருநாய்களுக்குக் கருத்தடை.
மன்றம் அங்கீகரித்தது, மன்றம் அங்கீகரித்தது.
நான் யோசிக்காவிட்டாலும்
என் பேனா எழுதிவிடும் அதை.

பதினொன்றை எழுந்து வாசித்தார்
ஆறாவது வார்டு முனிரத்தினம்.
நூல் மீதான வரியைக் குறைக்கச் சொல்லி
டெல்லிக்கு ஒரு தீர்மானம்.
முதல் வரியில் ‘ஒன்றிய அரசு’ என்றிருந்தது.
இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை.

“மத்திய அரசுன்னு போடுய்யா”
தாமோதர ராஜு மேசையைத் தட்டியதில்
என் டீ வருகைப் பதிவேட்டில் சரிந்தது.
பன்னிரண்டாம் வார்டின் பச்சை மைக் கையெழுத்து
கட்டம் தாண்டிப்
பதிமூன்றில் போய் நின்றது.

ஒன்றியம்னா நம்ம பிடிஓ ஆபீஸ்தானே,
வரியை அவரா போட்டார் என்றது ஒரு குரல்.
சட்டப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கு என்றார் இன்னொருவர்.
புத்தகம் அவரிடம் இல்லை.
தலைவர் லோகாம்பாள் மணியடித்தார்.
வராந்தாவிலிருந்து அவர் கணவர்
கையால் ஏதோ சாடை காட்டினார்.
லோகாம்பாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பேரூராட்சி நகரி ரோட்டில் இருக்கிறது.
கடைசித் தெருவின் கடைசி விளக்கு
தன் வெளிச்சத்தில் பாதியை
ஆந்திராவுக்குக் கொடுக்கிறது.
போன வருடம் அதற்கும் ஒரு தணிக்கைத் தடை வந்தது;
பதில் இன்னும் எழுதவில்லை.
இங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.
விசைத்தறிக்கு மேலே பேசிப் பேசி
பிள்ளையைத் தூங்க வைப்பதுகூடக்
கூச்சல் போட்டுத்தான்.

ஐம்பது நிமிடம்.
ஏழு கை இந்தப் பக்கம், ஏழு கை அந்தப் பக்கம்.
பதினைந்தாவது கை, ஹயாத் பாஷாவுடையது,
புத்தூரில் ஒரு கல்யாணத்தில்
பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது.

தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக,
பிறகு ஊர் மொத்தமும்,
கடைசியில் தலைக்கு மேலே மின்விசிறி.
முனிரத்தினம் பாதியில் கத்திக்கொண்டிருந்த
‘உரிமை’ என்ற சொல் மட்டும்
அந்த அமைதியில் தனியாக,
தேவைக்கு மேல் பெரிதாக நின்றது.
அவருக்கே கூச்சமாகி உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாவது வார்டு சுகுணம்மாவுக்கு
நாலு தறி; இப்போது இரண்டு.
மூன்று வருடத்தில் அவர் குரலை
நான் குறிப்பேட்டில் ஏற்றியதே இல்லை, கேட்டால்தானே.
“எங்க வீட்ல கேந்திரம்னு சொல்லுவோம்.
உங்களுக்கு எது வாயில வருதோ போட்டுக்கோங்க.
பாவு வெல எறங்கணும்.
கரண்ட் இல்லாத நேரத்துக்குக் கூலியும் இல்ல,
சீக்கிரம் முடிங்க.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
தாமோதர ராஜு தொண்டையைச் செருமினார்.
அவர் தம்பி வீட்டிலும் பாவு ஏறாமல்
ஆறு தறி கிடக்கிறது என்பது
எல்லாருக்கும் தெரியும்.

நான் எழுதினேன்:
நூல் வரி குறித்த தீர்மானம்
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
அரசின் பெயர் குறித்த முடிவு
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
பதிவுத் தபால் செலவு ரூபாய் நாற்பத்தேழை
பொது நிதியில் மேற்கொள்ள
மன்றம் அனுமதித்தது.

பெயர் வரவேண்டிய இடத்தில்
இரண்டு விரல் அகலம் வெள்ளையாக விட்டேன்.
செயல் அலுவலர் அதையே பார்த்தார்.
முகவரி எழுதிட்டா போய்ச் சேர்ந்துடும் என்றார்.

கரண்ட் வந்தது.
முதலில் மேலத்தெரு, அப்புறம் எங்கள் சுவருக்குப் பின்னால்.
குறிப்பேட்டின் பக்கத்தைத் திருப்பி நான் கத்தினேன்:
பொருள் எண் பன்னிரண்டு,
கடைசித் தெரு விளக்கு.