கடைமடை

முதல் ஊசிகள் வறுவல்தான் போட்டன.
கம்பி தொட்ட இடம் கருகல்,
இரண்டு கம்பிக்கும் நடுவே
ஒன்றும் நடக்காத வெள்ளை.

ஆட்டுக்கு முன்னால் உருளைக்கிழங்கு.
கீழவாசலில் பொறுக்கி வாங்கியது, அரைக்கிலோ.
மின்சாரம் நடந்த பாதை
மறுநாள் காலைக்குள் கறுத்துவிடும் அதில்.
மூன்று மாதம்
இரண்டு கறுப்புப் பொட்டுகளையே பார்த்தோம்
நானும் ஷமீமாவும்.
மிச்சக் கிழங்கைக் கேட்ட கேன்டீன் பக்கிரிசாமிக்குத்
தினமும் இல்லை என்றோம்.

செல்லின் சவ்வு
வோல்ட் குறைந்தால் திறக்காது,
கூடினால் மூடாது.
இடையில் கிடைக்கிற ஒரு திறப்பில்
வெளியே நிற்கும் மரபணு
உள்ளே போயாக வேண்டும்.
"இன்னும் நூறு ஏத்திப் பாப்பமா" என்பாள் ஷமீமா.
ஏற்றினோம். பொட்டு பெரிதானது.
வெள்ளை வெள்ளையாகவே.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை
தலைஞாயிறுக்கு இப்பால் பேருந்து நின்றது.
மறியல்.
மேட்டூர் திறந்து ஐம்பத்தெட்டு நாள்,
கடைமடை இன்னும் நனையவில்லை.
வெடித்த வயலிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து வந்து
ஜீப்பின் மூக்கில் வைத்தாள் ஒருத்தி.
அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார்:
அரிச்சந்திராவில் ஆறு நாள்,
அதை அடைத்து அடப்பாற்றில் ஆறு நாள்,
அதன் பிறகு
"மொறைன்னு சொல்லித்தான்யா போன வருசமும்..."
மீதி கேட்கவில்லை.

நான் டிக்கெட்டின் பின்பக்கம்
ஆறு புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், வட்டமாக.
வெட்கமாகத்தான் இருந்தது.

ஆறு ஊசி. தங்கப் பூச்சு.
எல்லாம் சேர்ந்து பேசக் கூடாது.
ஒரு ஜோடி அடங்க அடுத்த ஜோடி,
திசை மாறித் திசை மாறி,
சுற்று முடிய ஒரு வினாடிகூட இல்லை.
வோல்ட்டைக் குறைத்தே வைத்தோம்.
மறுநாள் கிழங்கின் நடுவிலும்
மழைக்கு முந்தைய சாம்பல் நிறம்.

ஏழாம் எண் ஆடு மயக்கத்தில் கிடந்தது.
ஒவ்வொரு ஜோடிக்கும் தொடை ஒருமுறை துள்ளியது,
பிடித்திருந்த ஷமீமாவின் கையும்.
எட்டாம் நாள் எடுத்த துணுக்கு
நீல விளக்கின் கீழே பச்சை.
நாற்றங்கால் பச்சை என்று எழுதப் பார்த்து
அடித்துவிட்டேன்.
தசையின் அடியாழத்தில்
ஒரு கீற்று மட்டும் இருட்டு.

நோட்டில் இருப்பது:
ஊசி இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நீளம்.

அந்த வயல்களுக்கு முறை வந்ததா என்று
இதுவரை நான் விசாரிக்கவில்லை.