ஏழாவது திருத்தம்

"லோகோவ இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க."
ஆறாம் தரமும் அதே சொல்,
சவர்க்காரக் கம்பனி முபாரிஸ் ஹாஜி.
ஆறாம் தரமும் தலையாட்டினேன்,
பல்லைக் கடித்தபடி.

வெள்ளவத்தையில் பதாகை ஏறிய பிறகுதான் கண்டேன்:
அழுக்கை நீக்கும் அல்ல,
அழகை நீக்கும்.
காலி வீதியே வாசித்துக்கொண்டு போகிறது.

போனில் சொன்னேன், பிழை என்னுடையது.
மறுமுனையில் கொஞ்ச நேரம்
பஸ் ஹோர்ன் மட்டும்.
"கையெழுத்து என்னோடதானே.
நானும் லோகோவத்தான் பார்த்திருக்கேன்."

இரவு பதினொன்று.
ஏணியின் ஒரு கால் அவர் பிடிக்க
மறு கால் நான்.
மேலே பெயின்டரின் துணியைக்
கடற்காற்று இழுக்கிறது.
கடதாசிப் பையில் எண்ணெய் ஊறிய ரோல்ஸ் இரண்டு.

"உண்மையச் சொல்லுங்க, லோகோ பெருசா?"

பெரிசுதான், என்றேன்
முதல் தரம்.