குறைவு: நாற்பத்து நான்கு

காளவாய்க்குள் போனது நூறு.
வெளியே வந்தது ஐம்பத்தாறு.
"குறைவு: நாற்பத்து நான்கு" என்று
சிவப்பு மையில் நான்தான் எழுதினேன்.
எனக்குப் பத்தொன்பது வயது.
கழித்தலில் ஒருநாளும் தவறியதில்லை.

சாரேமா தீவில் அந்த இலையுதிர்காலம் முழுக்க மழை.
நனைந்த கோட்டோடு வந்து நின்றார் ஹெல்டூர்,
தீயைப் பார்த்துப் பார்த்து இமைமயிர் கருகியவர்.
மிச்சக் கல் எங்கே என்றார் முதலாளி.
"காற்றோடு போச்சு."
சிரித்தோம்.
கல்லுக்கு இறகா முளைக்கும்?

அதே காளவாயில்
ஐந்து பகல், ஐந்து இரவு எரிந்த பைன் விறகு
பதினெட்டு வண்டி.
மிஞ்சிய சாம்பல் நாலு கூடை.
விறகைத் திருடியது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கூலியில் பதினோரு குரோன் பிடித்தோம்.

அந்தச் சுண்ணாம்பைத் தேவாலயம் வாங்கியது.
தொட்டியில் தண்ணீர் பட்டதும் சீறியது, கொதித்தது,
பிறகு வெண்ணெய்போல் அடங்கிப்போனது.
வடக்குச் சுவரில் பூசினார்கள்.

இடையில் ஒரு போர், இரண்டு கொடிகள்.
ஹெல்டூரின் மனைவி லீனே
கடைசிவரை என்னோடு பேசவில்லை.

ஒரு மாலை
மகனின் பாடநூல் மேசையில் திறந்து கிடந்தது:
சுட்ட கல்லிலிருந்து ஒரு வாயு வெளியேறும்.
நூறு பங்குக்கு நாற்பத்து நான்கு.
பூசிய சுண்ணாம்பு அதைக் காற்றிலிருந்து
மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக் கல்லாகும்.
நாம் வெளிவிடும் மூச்சிலும் அதுதான்.

அடுப்பில் கஞ்சி தீய்ந்தது. எழுந்திருக்கவில்லை.

அப்படியானால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும்
குளிரில் வெள்ளைவெள்ளையாய் நாங்கள் விட்ட மூச்சை
அந்தச் சுவர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
பாட்டுக்கு விட்ட மூச்சு,
கொட்டாவி,
கடைசி பெஞ்சில் ஹெல்டூரின் இருமல்,
"எங்கள் கடன்களை மன்னியும்" என்று
நான் உதடு அசைத்தது,
எல்லாவற்றையும்.

இன்று போய்ச் சுவரில் நெற்றியை வைத்தேன்.
ஜில்லென்று, கெட்டியாக, கல்.
எங்கள் வாயிலிருந்தே வாங்கித்
தன் நூறை நிரப்பிக்கொண்டது.

புத்தகம் இன்னும் என்னிடம்தான்.
எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும்
அந்தப் பதினோரு குரோன்
ஹெல்டூர் பெயரில் திரும்ப வரவாகவில்லை.
அழிந்திருக்காது.
எங்கேயோ இருக்கிறது, எடை குறையாமல்.