கொக்குமுட்டி

பீரோ மாதிரி, கொஞ்சம் பெரிசு
என்றுதான் போனில் சொன்னார்கள்.
புரசைவாக்கம், தாணா தெருவிலிருந்து உள்ளே போகும் சந்து, முதல் மாடி.

கதவு திறந்ததும் எத்திராஜ் கீழே குனிந்து எண்ணினான்.
மூணு கால்.
மூன்றும் பின்பக்கமாக மடிந்தவை.
மனுஷனுக்கு இல்லை, மாட்டுக்கு இல்லை,
கொக்குக்குத்தான் அப்படி முட்டி.
கணுக்கால் என் மணிக்கட்டுத் தடிமன்,
அதற்கு மேலே நானூறு கிலோ கறுப்பு.

பல் டாக்டர் கிளாடிஸ் சொன்னார்:
'கீழ மெட்ரோவுக்குத் தோண்டுறாங்க.
ராத்திரி ரெண்டு மணிக்கு இது தானா முனகுது.
ஒரே ஒரு கம்பி. தினமும் அதே கம்பி.
செவுரு விரிசல் விட்டப்போ கூட
நான் வீடு மாத்தணும்னு நெனைக்கல.'

ஐஸ்கிரீம் பெட்டி தூக்கியிருக்கிறோம்,
ஓட்டேரியில் ஒரு அச்சு மெஷின்,
ஒருமுறை ஆளோடு சேர்த்து ஆஸ்பத்திரிக் கட்டில்.
வயிற்றுக்குள் சத்தம் வைத்திருக்கும் சாமான்
இதுதான் முதல்.

மூடியைக் கழற்றினோம்.
கீல் ஊசிகள் மல்லித்தூள் டப்பாவில்.
மிதிகட்டையைப் போர்வையில் சுற்றியதும்
டாக்டர் சீட்டு எழுதி ஒட்டினார்,
எது எந்தப் பக்கம் என்று.
மருந்துக்கடைக்காரன் வந்துதான் படிக்க வேண்டும்.

இடது முன்காலைத் திருகும்போது
பாஷா பாய் முதுகு கொடுத்துத் தாங்கினார்.
தீவுத்திடல் பொருட்காட்சியில்
ஒட்டகம் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.
அதே முறை. முதலில் ஒரு முட்டி,
கொஞ்சம் யோசனை,
பிறகு மீதி உடம்பு.

மெத்தையில் விலாவாகச் சாய்த்தோம்.
இரண்டாவது காலும் வந்துவிட்டது.
மூன்றாவது மட்டும் சுவரை உதைத்தபடி நீட்டிக்கொண்டிருந்தது.
எண்ணெய் விட்டோம். ரப்பர் சுத்தியால் தட்டினோம்.
எத்திராஜ் அதன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டான்.
டீ வந்தது, ஆறியது.
ரம்பம், என்றார் பாஷா பாய் மெதுவாக.

அந்தச் சொல்லுக்கு டாக்டர் எழுந்து வந்தார்.
நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு
சுடிதாரோடு தரையில் மல்லாந்தார்.
ஸ்பேனர் பிடியால் இரண்டு தட்டு, காதை வைத்து.
'ஆட்டாதீங்க. வேர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும்.'
பிறகு, நாங்கள் காலையிலிருந்து
திறப்பதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்ததை
எதிர்ப்பக்கம் திருகினார்.
தலைகீழ் மரை.
வெறுங்கையோடு வந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
அடிநுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
எழுந்தார்.

அந்த ஒரு காலைச் செய்தவன் இடக்கையனாக இருப்பான்
என்றான் எத்திராஜ்.
பாஷா பாய் நம்பவில்லை. நானும்தான்.

இருபத்தோரு படி, நடுவில் ஒரு திருப்பம்.
நான் இடது பக்கத்துப் பல்லை மட்டும் கடித்துக்கொண்டு தூக்கினேன்,
வலது பக்கம் மூன்று வாரமாக என் பேச்சைக் கேட்பதில்லை.
ஒவ்வொரு படி இறங்கும்போதும்
எல்லாக் கம்பியும் சேர்ந்து 'உம்' என்றன,
கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுவது போல.
கீழ் வீட்டுப் பையன் வாயில் இட்லியோடு
மெல்ல மறந்து நின்றான்.

உடம்பு குட்டியானையில்.
கால்கள் மூன்றும் ஆட்டோவில், டாக்டர் மடியில்.

கொளத்தூர். தரைத்தளம்.
முட்டிகளைப் பின்பக்கமாகப் பார்த்து மாட்டினோம்,
மூன்றாவதை அதன் இஷ்டத்துக்கு.
எத்திராஜ் ஒரு கட்டையை அமுக்கினான்.
ஜலதோஷம் பிடித்த குரல்.
'எடம் மாறினா அப்படித்தான்,
ரெண்டு வாரம் விட்டுட்டு ஆள் வந்து சுதி பாப்பாரு.'

நோட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
'வலது கீழ், கடைசிக்கு முந்தினது.'
என்ன மேடம்?
'படியில பாத்தேன். உக்காருங்க.'
நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.
உட்கார வேறு எதுவும் இறக்கியிருக்கவில்லை,
பியானோ ஸ்டூல்தான்.
பாஷா பாய் அவசரமாகக் கயிறு சுருட்டப் போனார்.

'வாயத் தெறங்க.'

தெருவில் தண்ணி லாரி ஒன்று திரும்பியது.
என் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி,
அதே கம்பியா தெரியாது,
உம் என்றது.

ஆ, என்றேன் நான்.