அட்டை

ஞாயிறு காலை ஆறரை.
பனி இன்னும் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.
பன்னிரண்டு பேர். இரண்டு முறை எண்ணினேன்.
சேலத்து வேனில் ஒன்பது, பெங்களூர்க் காரில் மூன்று.
இருபது கொண்டை ஊசி வளைவில்
பதினான்காவதில் வாந்தி எடுத்த பையன்
என் சட்டையில் குத்தியிருப்பதை
எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்:
ச. திலகா, வழிகாட்டி.

எனக்குக் கொடுத்த தாளில் ஏழு கம்பங்கள்.
ஒற்றைப்படை என்றால் இயற்கை வரலாறு,
இரட்டைப்படை என்றால் மனித வரலாறு.
யார் பிரித்தார்களோ.

ஒன்று. சில்வர் ஓக்.
காப்பிக்கு நிழல் வேண்டுமென்று கப்பலில் வந்த விதை.
இப்போது மிளகுக்கொடிக்கு முதுகு.
இயற்கையாம்.
"இதுல வெள்ளி இருக்கா?" என்கிறார்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தேவராசன்.
இலையைத் திருப்பிக் காட்டுகிறேன்; அடிப்பக்கம் மின்னுகிறது.
கட்டைவிரலால் உரசிப் பார்க்கிறார், கைப்பழக்கம்.
"தரம் கம்மி."

இரண்டு. துரையின் எல்லைக்கல்.
தாளில் துரைக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு,
அவருடைய நாய்க்கும் பெயர் உண்டு.
கல்லைச் சுமந்து ஏறியவர்கள்
'உள்ளூர் ஆட்கள்'.

மூன்றாவதில் சீகாரப் பூங்குருவி இருக்க வேண்டும்.
பறவைக்கும் கம்பம் நட்டிருக்கிறார்கள்.
பெங்களூர்ப் பெண் போனில் அதன் சீட்டியை ஓடவிட்டாள்.
பள்ளத்திலிருந்து உடனே பதில், இன்னும் நெருங்கி ஒரு பதில்.
"நிறுத்துங்க மேடம்,
சண்டைக்கு ஆள் வந்திருக்குன்னு
சாப்பாட்டை விட்டுட்டு வருது."
அவள் முகம் சிறுத்துப் போனை அணைத்தாள்.
குருவி கொஞ்ச நேரம்
யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கத்தியது.

நாலைக் காட்டவில்லை. பாலம் உடைந்திருக்கிறது.

ஐந்து. பலா, தானாக வளர்ந்தவை.
நாலு மரம் நூல் பிடித்தாற்போல
தானாக வளருமா?
சருகைக் காலால் ஒதுக்கினால் உரல்,
வாய்வரை மழைத்தண்ணீர்.
பையன் குந்தி உட்கார்ந்து
தலைப்பிரட்டைகளை எண்ணினான். ஒன்பது.
"இது யார் வீடு அக்கா?" என்றான்.
"இப்ப இதுங்க வீடு" என்றேன்.
அவன் கேட்டது அதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆறு. பாக்சைட் குழி.
'சுரங்கம் மூடப்பட்டுப் பசுமை மீட்கப்பட்டது.'
அந்த வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன்.
அப்பா இங்கேதான் லாரிக்கு அள்ளிப் போட்டார்.
அவர் வேட்டியில் முழங்காலுக்குக் கீழே
எத்தனை சோப்புக்கும் போகாத ஒரு சிவப்பு.
இதைச் சொன்னால் ஏழுக்கு நேரம் இருக்காது,
அதனால் சொல்வதில்லை.
இன்று என்னவோ, வாயெடுத்தேன்.

எதிர்க்கரையில் காட்டெருமை.

வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால்,
நாலிலும் முழங்காலுக்குக் கீழே செம்மண்.
குழித்தண்ணீரைக் குடித்தது.
யாரும் படம் எடுக்கவில்லை.
அப்புறம் எல்லோரும் எடுத்தார்கள்.
நான் சொல்ல வந்ததை
அது நின்று முடித்துவிட்டுப் போனது.

ஏழில் காட்சி முனை. பனி விலகிக் கீழே சேலம்.
"அங்கே மட்டும் பனி போகல!"
பனியில்லை தம்பி, அது வெள்ளைக்கல் மேடு;
அதையும் தோண்டித்தான் கொட்டினார்கள்.
தேவராசன் தன் தெருவைத் தேடினார்.
கிடைத்ததாகச் சொன்னார். நம்பவில்லை.

கேட்டில் ஆளுக்கொரு கருத்து அட்டை.
'சிறுத்தை வரவில்லை, மூன்று நட்சத்திரம்.'
'கழிப்பறை தேவை.'
பெங்களூர்ப் பெண்ணுடையதில் வெறும் 'ஸாரி'.
பதினொன்றுதான் திரும்பி வந்தது.
தேவராசன் தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்தபடியே
வேனில் ஏறினார்;
படியில் கால் வைத்தபோதுதான் பார்த்தேன்,
காலுறை மடிப்புக்கு மேல்
இன்னோர் அட்டை, பாதி நிறைந்து, பளபளவென்று.
"சார்!" என்று கத்தினேன். கையசைத்தார்.
வேன் முதல் வளைவில் மறைந்தது.

வயிறு நிறைந்தால் அது தானே கழன்றுவிடும்.
அநேகமாக பட்டறைக்குள்,
வெள்ளிப்பொடி படிந்த தரையில்.

பதிவேட்டில் எழுதினேன்:
கொடுத்த அட்டை பன்னிரண்டு,
வந்தது பதினொன்று,
போனது ஒன்று.
கணக்கு சரி.