உங்க எடையும் வேணும்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
புஷ் கிழிந்திருந்தது. போட்டு மூன்றே மாதம்.
மட்ட ரப்பர் என்று வாய் திறந்தேன்.
கிழிசலின் சாய்வு
என்னைக் காட்டியது.

அன்று லிஃப்டில், சக்கரங்கள் தொங்கத் தொங்க
போல்ட்டை முடுக்கியவன் நான்தான்.
இறங்கிய வண்டி
முறுகிய ரப்பரோடே ஓடியிருக்கிறது,
தெம்பனிஸுக்கும் துவாஸுக்கும்.

புதியதற்குக் கிரீஸ் இல்லை, சோப்புத் தண்ணீர்தான்.
அழுத்தி ஏற்றி, போல்ட்டை விரலால் மட்டும் திருகி
நான்கு சக்கரத்தையும் ராம்பில் நிறுத்தினேன்.
"உட்காருங்க தவமலர், உங்க எடையும் வேணும்."
"அதை எந்த ஆம்பளைக்கும் சொன்னதில்ல லா."
இரவெல்லாம் வாடகைக்கு ஓட்டியவர்,
சிரித்து முடிக்குமுன் தூங்கிப்போனார்.

அடியில் படுத்து
டார்க் ரெஞ்சை மெல்ல இழுக்கிறேன்.
டிக்.
அசையவில்லை.
இன்னும் மூன்று போல்ட்.
காசு வேண்டாம் என்பதை
விழித்தபின் சொல்லிக்கொள்ளலாம்.