குறிப்பு என்ற கட்டம்

ஜூலை கடைசி வாரம்.
சுமாவா மலைக்காட்டில்
வெட்டவும் கூடாது, நடவும் கூடாது என்று விட்ட பகுதி.
எங்கள் துண்டு ஐம்பது மீட்டருக்கு ஐம்பது.
மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் உண்டு.
பெயர் வைக்கவில்லை;
வைத்தால் பொய் எழுத நேரும்.

வேலை இதுதான்: அண்ணாந்து பார்ப்பது.
இருக்கவேண்டிய ஊசியிலைகளில் இல்லாதது எவ்வளவு என்று
ஐந்து ஐந்தாகச் சொல்வது.
இலையையா அளக்கிறோம்?
இடையில் தெரியும் வானத்தை.

வெண்டெலின் ஒரு தாளில், நான் ஒரு தாளில்.
எழுதிவிட்டுத் திருப்பிக் காட்டுவோம், சீட்டாட்டம் போல.
நான் முப்பது என்றால் அவர் இருபத்தைந்து.
நான் நாற்பது என்றால் அவர் முப்பத்தைந்து.
"உனக்கு எப்போதும் சாவு வீட்டு முகம், மிலாடா" என்பார்.
இருபத்தைந்தைத் தாண்டினால்
அட்டவணையில் மரம் நோயாளி.
அந்த ஐந்துக்காக மழையில் நின்று சண்டை போட்டிருக்கிறோம்.
ஒருமுறை சூப் குடுவையை
அவர் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

பதினோராம் ஆண்டு பட்டை வண்டு வந்தது.
அடிமரத்தைச் சுற்றிக் காப்பிப்பொடி போல மரத்தூள்.
நாற்பத்தாறில் இருபத்தொன்பது போயிற்று.
அந்த வருடம் மட்டும் வாக்குவாதமில்லை.
நூறு. நூறு. நூறு.
எடுத்துப் பாருங்கள்,
இருவர் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த மார்ச்சில்
அவருக்குக் கண்புரை எடுத்தார்கள்.
ஜூலையில்
முப்பத்தொன்றாம் மரத்தடியில் அண்ணாந்தவர்
கழுத்தை இறக்கவே இல்லை.
"எத்தனை வருடமாக இப்படி?"
மரத்தைக் கேட்டாரா, கண்ணையா,
நான் விசாரிக்கவில்லை.

புரை எந்த வருடம் படரத் தொடங்கியதென்று
மருத்துவருக்கே தெரியாது.
முதலில் அவர் குறைத்தது மனசு.
பின்னால் குறைத்தது கண்.
ஒன்று முடிந்து மற்றது தொடங்கிய கோடை எது?
பத்தொன்பது வருடத் தாள்களில் அந்தக் கோடு இல்லை.
தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள்:
பழைய எண்களோடு ஐந்தைக் கூட்டிவிட்டால் சரி.

சரியா?
அவர் குறைப்பாரென்று தெரிந்தே
நான் கூட்டி எழுதிய நாட்கள் இருந்தன.
எத்தனை என்று நினைவில்லை.
சராசரி எடுத்தால் மரம் நடுவில் நிற்குமென்று
ஒரு கணக்கு.
மரத்துக்கு அது தெரியாது.

எண்களைத் தொடவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்,
இதுவரை நாங்கள்
"மழை", "மூடுபனி" தவிர எதுவும் எழுதாத கட்டத்தில்,
"பார்ப்பவர்களின் கண் மாறியது" என்று எழுதினேன்.
பன்மையில்.

செத்து நிற்கும் மரங்களுக்கிடையே
இடுப்புயரத்துக்கு ஸ்ப்ரூஸ் கன்றுகள்.
விரற்கடைக் கனம்கூட வரவில்லை,
இன்னும் எண்ணிக்கையில் சேராது.
மிதிக்காமல் தாண்டினோம்.

முப்பத்திரண்டாம் மரம்.
எழுதினோம், திருப்பினோம்.
நான் முப்பது. அவர் நாற்பது.

"சாவு வீட்டு முகம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
மேலேயே பார்த்துக்கொண்டு
சூப் குடுவையை என் பக்கம் நீட்டினார்.